உடற்கல்வியும் விளையாட்டு அறிவியலும் படிக்கப் போகும் நம் பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் 26 ஆண்டுகள் உடற்கல்வி கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வெளிவரும் வாரத்தில் இன்றும் என் தொலைபேசி ஓய்வதில்லை. கல்யாண மண்டபத்தில், தண்ணீர்மலை முருகன் கோயில் படியில், பினாங்குக்குப் போகும் பெர்ரியில் என்று பார்க்கும் இடத்திலெல்லாம் நிறுத்திக் கேட்கிறார்கள். முதலில் படிப்பைப் பற்றித்தான் கேட்பார்கள். நாலு வார்த்தை பேசியதும் உண்மையான கவலை வெளியே வரும்: பெண் பிள்ளை, வயசு, நிறம், விரதம், இனம், மொழி.

அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் என் அனுபவத்திலும் படிப்பிலும் இருந்து வந்தவை.

டீச்சர், விளையாட்டு அறிவியல் என்றால் நாள் முழுவதும் திடலில் ஓடுவதுதானே? அதற்கு எதற்குப் பட்டம்?

பாதி நாள் ஆய்வுக்கூடத்தில் போகும். உடற்கூற்றியல், உடலியங்கியல், அசைவின் விசைகளைக் கணக்கிடும் உயிர்விசையியல், விளையாட்டு உளவியல், சத்துணவு, புள்ளியியல் எல்லாம் படிக்க வேண்டும். புள்ளியியலில் திணறும் பிள்ளைகள் அதிகம். கணிதத்தைக் கைவிட்டுவிட்டு வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழகம், செர்டாங்கில் யு.பி.எம். (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்), தஞ்சோங் மாலிமில் உப்சி (சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம்) ஆகியவற்றில் உடற்கல்வி அல்லது விளையாட்டு அறிவியல் படிக்கலாம். யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) நம் பினாங்கில்தானே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் விளையாட்டு அறிவியல் படிப்பு நடப்பது கிளந்தான் மாநிலத்தில், குபாங் கெரியான் வளாகத்தில். விடுதிச் செலவைக் கணக்குப் போடும்போது இது முக்கியம். உடற்கல்வி ஆசிரியராக விரும்புகிறவர்களுக்கு ஆசிரியர் பயிற்சிக் கழகங்களும் உண்டு. அங்கே நேர்முகத் தேர்வு இருக்கும்.

ஓட்டத்தில் பதக்கம் வாங்கியவன்தான் சேர முடியுமா?

இல்லை. போட்டிச் சான்றிதழ் துணை செய்யும், அவ்வளவுதான். என் மாணவர்களில் இன்று சிறந்த பயிற்றுநராக இருப்பவன் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஒருமுறைகூட இறுதிச் சுற்றுக்கு வந்ததில்லை. மற்றவர்கள் ஓடுவதைக் கோட்டின் ஓரத்தில் உட்கார்ந்து கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான்.

டாக்டர், வக்கீல் என்று சொன்னால் சொந்தக்காரர்களுக்குப் புரிகிறது. இதை எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வியைக் கேட்ட தந்தையின் முகம் எனக்கு மறக்கவில்லை. தோட்டத்தில் பிறந்து, பிள்ளையைப் பட்டதாரியாக்க இரவு நேர வேலை பார்த்தவர். படிப்பு ஒன்றுதான் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டிலிருந்து வெளியேற வழி என்று இரண்டு தலைமுறையாக நம்பி வாழ்ந்த சமூகம் நாம். திடலில் செலவழித்த நேரம் புத்தகத்திலிருந்து திருடிய நேரம் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. அதை அறியாமை என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வராது.

ஆனால் அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஆள் இருக்கிறார்கள். டாக்டர் மணி ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் மூன்றிலும் தங்கம் வென்றார். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. அவர் மருத்துவர். நம் காலத்தில் கெடா பெண் சிவசங்கரி சுப்ரமணியம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தபடியே ஸ்குவாஷ் ஆடினார்.

வேலை பற்றியும் உள்ளதைச் சொல்கிறேன். ஆசிரியர், பயிற்றுநர், புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டுக் கழகம் போன்ற இடங்களில் உடலியங்கியல் அலுவலர், உடற்பயிற்சி நிலையங்கள், மறுவாழ்வுப் பிரிவுகள் என்று வழிகள் உண்டு. எல்லாருக்கும் அரசாங்க வேலை கிடைத்துவிடாது. பிசியோதெரபி என்பது வேறு பட்டம். இதைப் படித்தால் அதுவாகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேறு துறைக்குப் போகும் பிள்ளைக்கும் விளையாட்டு பயன்படும். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு.

எலும்பும் தசையும் எல்லாருக்கும் ஒன்றுதான். இதில் பண்பாடு எங்கே வருகிறது?

புதிய வகுப்பு தொடங்கும்போது நான் மாணவர்களைக் குந்தி உட்காரச் சொல்வேன். குதிகால் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும், இரண்டு நிமிடம். பாதிப் பேருக்குக் குதிகால் எழும்பிவிடும், சிலர் பின்னால் சாய்வார்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் வீட்டைப் பற்றிக் கேட்பேன். பாட்டி வீட்டில் குந்து கழிப்பறை, அம்மா தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவார், சாப்பாடு பாயில் என்று ஏதாவது ஒன்று வரும். கணுக்கால் மூட்டு எவ்வளவு முன்னால் மடங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தினமும் மடக்கிய மூட்டு மடங்குகிறது. நாற்காலியில் வளர்ந்த மூட்டு இறுகிவிடுகிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய என் பாட்டி எழுபது வயதிலும் குந்தியபடி அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுவார்.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1934இல் ஆற்றிய உரையில் இதைத்தான் பேசினார். முதல் உலகப் போரில் அவர் ஆங்கிலேயப் படையோடு இருந்தார். பிரெஞ்சு மண்வெட்டியை ஆங்கிலேயச் சிப்பாய்களால் பயன்படுத்த முடியவில்லை. ஒரு படைப்பிரிவு மாறும்போதெல்லாம் 8,000 மண்வெட்டிகளையும் மாற்ற வேண்டியிருந்ததாம். கை ஒன்றுதான், அது பழகிய விதம் வேறு. சேற்றுக்கு நடுவே ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் குந்தி இளைப்பாற, தம்மால் முடியாமல் நின்றுகொண்டே இருந்ததையும் அவர் சொல்கிறார்.

நம் நடை, உட்காரும் முறை, மூச்சு, வெட்கம் எல்லாமே யாரோ கற்றுக்கொடுத்தவை. அசைவைப் படிக்க வரும் மாணவன் முதலில் தன் உடம்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிறகுதான் இன்னொருவன் உடம்பைத் திருத்தும் தகுதி அவனுக்கு வரும். இதற்குப் பின்னால் வரும் பதில்களெல்லாம் இந்த ஒரு கருத்தில் நிற்பவை.

நம் ஆட்களுக்கு ஓட்டம், சீனர்களுக்குப் பூப்பந்து. அது இரத்தத்திலேயே இருப்பதுதானே?

தோட்டத்தில் திடல் இருந்தது, வெறுங்கால் இருந்தது. ஓடுவதற்கும் காற்பந்து உதைப்பதற்கும் அது போதும். பூப்பந்துக்குக் கூரை வேண்டும், மட்டை வேண்டும், இரண்டு நாளில் கிழிந்துபோகும் இறகுப்பந்துகளை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எது கைக்கு எட்டியதோ அதில் நாம் தேறினோம். கை எட்டியபோது மற்றதிலும் தேறினோம். கிஷோனா செல்வதுரை 2019 தென்கிழக்காசியப் போட்டியில் பூப்பந்து ஒற்றையர் தங்கம் வென்றார். பெர்லி டானோடு இணைந்து ஆடும் தீனா முரளிதரன் 2022 காமன்வெல்த் போட்டியில் இரட்டையர் தங்கம் வென்றவர். பினாங்கில் பிறந்து ஸ்குவாஷில் எட்டு முறை உலக வெற்றியாளரான நிக்கோல் டேவிட்டை எந்த இனத்தின் இரத்தத்தில் சேர்ப்பீர்கள்? இந்தியத் தந்தை, சீனத் தாய்.

இந்தப் பேச்சு பிள்ளைகளுக்குக் கெடுதலும் செய்யும். அமெரிக்காவில் ஜெப் ஸ்டோன் என்பவரும் அவருடைய குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இது. கறுப்பின, வெள்ளையின மாணவர்களை ஒரே கோல்ப் பந்தை அடிக்கச் சொன்னார்கள். இது இயற்கையான உடல்திறனை அளக்கும் சோதனை என்று சொன்னபோது வெள்ளையர்கள் தடுமாறினார்கள். விளையாட்டு அறிவை அளக்கும் சோதனை என்றபோது கறுப்பினத்தவர்கள் தடுமாறினார்கள். காதில் விழுந்த ஒரு வாக்கியம் கையை நடுங்க வைத்திருக்கிறது. “உனக்கு ஓட்டம்தான் வரும்” என்பது பாராட்டுப் போலத் தோன்றும். அதைக் கேட்டுக் கேட்டு வளரும் பையன் ஆய்வுக்கூடத்தில் வாய் திறக்க மாட்டான், நான் பார்த்திருக்கிறேன்.

என் மகள் வயசுக்கு வந்துவிட்டாள். இனிமேல் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓட விடலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். அவர்கள் வழியாகக் கேட்பது பாட்டி.

800 மீட்டரில் எங்கள் மாவட்டத்திலேயே நம்பிக்கை தந்த ஒரு மாணவி இருந்தாள். சடங்கு முடிந்து பள்ளிக்கு வந்தவள் பயிற்சிக்கு வரவில்லை. திடல் ஓரத்து அங்சானா மரத்தடியில் வருகைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் ஓடும் நேரத்தைக் குறித்துக்கொடுத்தாள். பிறையில் இருந்த அவள் வீட்டுக்கு மூன்று முறை போனேன். மூன்றாவது முறை பாட்டி மனம் திறந்தார்: “ஓடுகிற இடத்தில் விழுந்தால் கர்ப்பப்பை இறங்கிவிடாதா?” யாரும் அதுவரை அவரிடம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியின் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் இடுப்பெலும்புக் கூட்டை வரைந்து, அதற்குள்ளே கர்ப்பப்பை எப்படிப் பத்திரமாக இருக்கிறது என்று காட்டினேன். பாட்டி அந்தத் தாளை மடித்துச் சாமி மேடையில் வைத்தார். நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு ஓடலாம் என்று தீர்ப்பும் வந்தது.

மாதவிடாய் நாளில் ஓடக்கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. தொடர்ந்து உடற்பயிற்சி செய்யும் பெண்களுக்கு வலி குறைவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. கவனிக்க வேண்டியது வேறு: கடும் பயிற்சியும் போதாத சாப்பாடும் சேர்ந்து மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோனால் மருத்துவரிடம் போக வேண்டும். எலும்பு பலவீனமாகும். அதை “நல்லதுதான், தொல்லையில்லை” என்று விட்டுவிடாதீர்கள். எம். ராஜாமணி 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய முதல் மலேசியப் பெண். 1966இல் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதையும் பெற்றார். அறுபதாண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்க் குடும்பம் அந்தப் பெண்ணை ஓடவிட்டிருக்கிறது.

வெயிலில் நின்று கறுத்துப்போனால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வரும். அதை மறைக்க மாட்டேன். பன்னிரண்டு வயதுப் பெண் காலையில் எழுந்து கண்ணாடியில் தன் கையின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு வராமல் இருப்பது நாம் கற்றுக்கொடுத்தது. வெயிலிலிருந்து தோலைக் காக்க வேண்டியது உண்மை. காலை 10 மணிக்குள் பயிற்சியை முடியுங்கள், தொப்பி, தண்ணீர், சன்ஸ்கிரீன் கொடுங்கள். அது நலத்துக்காக. நிறத்துக்காக ஒரு பிள்ளையின் ஓட்டத்தை நிறுத்தாதீர்கள்.

நாங்கள் தமிழ் முஸ்லிம்கள். துடோங் (தலைத்துணி) அணியும் மகள் இந்தப் படிப்பில் சமாளிப்பாளா?

நன்றாகவே சமாளிப்பாள். மலேசியப் பல்கலைக்கழகங்களில் இந்தத் துறையில் துடோங் அணிந்த மாணவிகள் நிறைய இருக்கிறார்கள். அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் 2014இலும் கூடைப்பந்துச் சம்மேளனம் 2017இலும் தலை மறைப்பை அனுமதித்துவிட்டன. ஊசி குத்தாத, இழுத்தால் கழன்றுவிடும் விளையாட்டுத் துடோங் வாங்கிக்கொடுங்கள். நம் ஊர் வெக்கையில் துணியின் தரம் முக்கியம். தடித்த துணியில் வியர்வை ஆவியாகாது, உடல் சூடு இறங்காது.

நோன்பு மாதத்தில் கடுமையான உடற்தகுதிச் சோதனை வைக்க வேண்டாம் என்று விரிவுரையாளரிடம் மரியாதையாகக் கேட்கலாம். நோன்பு திறந்த பிறகோ திறப்பதற்குச் சற்று முன்போ இலேசான பயிற்சி செய்வது பெரும்பாலோருக்கு ஒத்துவருகிறது. நீச்சல் பாடம் எப்படி நடக்கிறது, பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வகுப்பில் ஒருவரையொருவர் தொட்டு அளக்க வேண்டுமாமே?

ஆமாம். தோல்மடிப்புத் தடிமனை இடுக்கி போன்ற கருவியால் அளப்பது, நாடி பார்ப்பது, கையைப் பிடித்து நிலையைத் திருத்துவது எல்லாம் உண்டு. கூச்சம் நம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, மலாய், சீனப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. பெண்ணைப் பெண் அளக்கலாம். தொடும் முன் “தொடலாமா?” என்று கேட்பதும், எந்த இடத்தில் என்று சொல்வதும் இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம். கூச்சத்தோடு வளர்ந்த பிள்ளை இதை மற்றவர்களைவிட நன்றாகச் செய்வாள். கேட்காமல் தொடும் ஆசிரியர் எந்த இனமானாலும் உடனே புகார் செய்யுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். முட்டைகூட கிடையாது. தசை எப்படி வளரும்?

வளரும். பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 72 முதல் 120 கிராம். இட்லி சாம்பார் மட்டும் சாப்பிட்டு இந்த அளவை எட்ட முடியாது. நம் நாட்டில் சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே இருக்கிறது. 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம். தவ்வு (சோயாக்கட்டி), கொண்டைக்கடலை, பருப்பு, தயிர், பால் எல்லாவற்றையும் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொடுங்கள். வைட்டமின் பி12 தாவரத்தில் கிடைக்காது. பால் பொருள் குறைவாக எடுப்பவர்கள் மாத்திரை பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்தும் பாருங்கள்.

மகன் தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து காவடி எடுக்கிறான். பல்கலைக்கழகத்தில் அதைச் சொல்லலாமா, மறைக்க வேண்டுமா?

சொல்ல வேண்டும். பயிற்றுநருக்குத் தெரியாமல் ஒருவேளைச் சாப்பாட்டில் உச்ச வேகச் சோதனை ஓடி மயங்கி விழுவது யாருக்கும் நல்லதல்ல. விரத நாட்களில் கடுமையைக் குறைத்துக்கொள்ளலாம், நுட்பப் பயிற்சியைக் கூட்டலாம், தண்ணீரைத் தவிர்க்கக் கூடாது. தாருச் சாலையில் வெறுங்காலோடு நடந்து தண்ணீர்மலையின் 513 படிகள் ஏறிய பாதம் கொப்பளித்திருக்கும். ஆறும் வரை ஓட்டம் வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் விரதத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

என் பழைய மாணவன் ஒருவன் கடைசி ஆண்டு ஆய்வுக்கு அந்தப் படிகளையே எடுத்துக்கொண்டான். பதினான்கு வயதிலிருந்து காவடி எடுப்பவன். பாரம் சுமந்து படியேறுகிறவர்களின் இதயத் துடிப்பை அளக்க வேண்டும். நெஞ்சில் கட்டும் பட்டைதான் துல்லியமானது என்று விரிவுரையாளர் சொன்னார். அலகு குத்தும் நெஞ்சில் பட்டையை எங்கே கட்டுவது என்று இவன் கேட்டான். அங்கே யாரும் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பட்டையைக் கைவிட்டு, பால்குடம் எடுப்பவர்களிடம் மணிக்கட்டுக் கருவியைக் கட்டினான். ஒரு பெரியவர் கையை இழுத்துக்கொண்டார். “சாமிக்குத் தூக்குவதை எண்ணக் கூடாதப்பா” என்றார். அவன் வற்புறுத்தவில்லை. அவரை அளக்கவில்லை என்பதையும், ஏன் அளக்கவில்லை என்பதையும் ஆய்வேட்டில் எழுதினான். அந்தப் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினான். அந்தப் படியில் வளராத ஒருவன் அதை எழுதியிருக்க மாட்டான்.

சிலம்பமும் கபடியும் கற்றவனுக்கு இந்தப் படிப்பில் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. கபடி 1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியிலிருந்து பதக்க விளையாட்டு; பெண்கள் பிரிவு 2010இல் வந்தது. போட்டிச் சான்றிதழ் எந்த நிலையில் வாங்கியது என்பதைப் பொறுத்துப் புறப்பாடப் புள்ளி கிடைக்கும். அதற்கும் மேலாக, சிலம்பப் பிள்ளையின் காலடி வரிசை அவன் உடம்பில் ஏறிய அறிவு. எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும் கணத்தை அவன் உணர்ந்திருக்கிறான். உயிர்விசையியல் வகுப்பில் திரையில் பார்ப்பது அதைத்தான்.

ஒரு சிக்கலையும் சொல்கிறேன். ஆசான் சொன்னதை மறுத்துப் பேசக்கூடாது என்று பழகியவன் பல்கலைக்கழகத்தில் கேள்வி கேட்கத் தயங்குவான். ஆசானை வணங்கும் கையே கேள்வி கேட்க உயரலாம் என்று வீட்டில் சொல்லி அனுப்புங்கள்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவன். பாடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். பின்தங்கிவிடுவானா?

முதல் பருவம் சிரமம்தான். கலைச்சொற்களுக்கு மூன்று மொழியில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாம் ஆண்டில் அந்தக் குறிப்பேட்டை நண்பர்கள் கடன் கேட்பார்கள்.

பயிற்சி தரும்போது மொழி பெரிய பலமாக மாறும். அசைவைக் கற்றுக்கொள்பவரின் கவனம் தன் உறுப்பின் மேல் இருப்பதைவிட அசைவின் விளைவின் மேல் இருந்தால் நன்றாகக் கற்கிறார் என்பது இந்தத் துறையில் பலமுறை சோதித்த முடிவு. “முழங்காலை நீட்டு” என்பதைவிடத் “தரையைத் தள்ளு” என்பது வேலை செய்யும். செந்தூல் அடுக்குமாடியிலிருந்து வரும் சிறுவனுக்கு “அம்மியில் அரைக்கிற மாதிரி” என்று சொன்னால் புரியாது, அம்மியை அவன் பார்த்ததில்லை. “லிப்டுக் கதவு மூடுவதற்குள் பாய்ந்துவிடு” என்றால் புரியும். யாருக்கு எந்தச் சொல் உடம்பில் இறங்கும் என்று தெரிந்திருப்பது மூன்று மொழிக்காரனுக்கு இயல்பாக வருகிறது.

பள்ளியில் செகாக் சோதனையின்போது மகளின் எடையைச் சத்தமாகப் படித்தார்கள். அதிலிருந்து உடற்கல்வி என்றாலே அழுகிறாள்.

செகாக் என்பது நம் பள்ளிகளில் நடக்கும் உடற்தகுதிச் சோதனை. மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்குவது, தண்டால், பாதி எழும்பும் வயிற்றுப் பயிற்சி, உட்கார்ந்து கையை நீட்டுவது, அதோடு உடல் நிறைக் குறியீடு. அளவுகள் மாணவிக்கும் ஆசிரியருக்கும் மட்டும் தெரிய வேண்டியவை. சத்தமாகப் படித்தது தவறு. தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள்.

அதே வேளையில் எண்ணை ஒதுக்கிவிடவும் முடியாது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் வயது வந்தோரில் நீரிழிவு 18.3 விழுக்காடு, இந்தியர்களிடம் 31.4 விழுக்காடு. ஆசியர்களுக்கு ஆபத்து குறைந்த எடையிலேயே தொடங்குவதால் பெரியவர்களின் உடல் நிறைக் குறியீட்டில் 25க்குப் பதில் 23லேயே கவனிக்க வேண்டும் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது தினமும் 60 நிமிட அசைவு. அதை ஓட்டம் என்று அழைக்க வேண்டியதில்லை. உங்கள் மகளுக்கு நடனம் பிடித்தால் நடனம். அவமானப்பட்ட இடத்துக்கு அவளைத் திரும்ப அழைத்துப்போகும் வழி அவளுக்குப் பிடித்த ஏதோ ஒன்றில்தான் இருக்கும்.

நம் பிள்ளைகளை எப்படியும் தேர்வு செய்ய மாட்டார்கள். எதற்கு வீண் முயற்சி?

இந்தக் கசப்பு எனக்கும் தெரியும். நான் மாணவியாக இருந்தபோது தேர்வோட்டத்தில் முதலாவதாக வந்தும் பட்டியலில் என் பெயர் இல்லை. காரணம் கேட்ட என் அப்பாவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 2021இல் சுதிர்மான் கிண்ணப் போட்டியில் தோற்ற கிஷோனாவை ஓர் அரசியல்வாதி இனத்தைக் குறிக்கும் இழிசொல்லால் எழுதியதும் நடந்தது. நாடு முழுவதும் எல்லா இனத்தவரும் கண்டித்தார்கள், அவர் மன்னிப்புக் கேட்டார் என்பதும் நடந்தது. இரண்டையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

செய்யக்கூடியவை சில உண்டு. நேரம், தூரம் அளக்கப்படும் விளையாட்டில் அதிகாரபூர்வப் போட்டி முடிவுத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். எண்ணோடு வாதாடுவது கடினம். குழு விளையாட்டில் தேர்வு அளவுகோலை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கேலி நடந்தால் நாள், இடம், சொன்ன சொல் மூன்றையும் அன்றே எழுதிவையுங்கள். பல்கலைக்கழகம் தேடும்போது யு.ஐ.டி.எம். (மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) பூமிபுத்ரா, அதாவது மலாய், பூர்வகுடி மாணவர்களுக்கானது என்பதைத் தெரிந்துகொண்டு மற்றவற்றில் விண்ணப்பியுங்கள். “எப்படியும் கிடைக்காது” என்று வீட்டில் தினமும் சொல்வதால் என்ன ஆகும் என்பதற்கு மேலே சொன்ன கோல்ப் ஆய்வை நினைத்துப்பாருங்கள்.

முழங்கால் போய்விட்டது டீச்சர். ஓட்டக்காரி என்றுதான் எல்லாருக்கும் என்னைத் தெரியும். இனிமேல் நான் யார்?

கேட்டவளுக்கு வயது பத்தொன்பது. முழங்கால் மூட்டைத் தாங்கும் முன்குறுக்குப் பிணைநார் கிழிந்து அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. தன்னை விளையாட்டு வீரர் என்ற ஒரே பெயரில் எவ்வளவு இறுக்கமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதை அளக்க 1993இலேயே ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். அந்தப் பெயர் ஒன்றை மட்டுமே வைத்திருப்பவர்களுக்குக் காயம் அதிகமாக வலிக்கிறது, மீண்டு வரும் நாட்கள் கனக்கின்றன. எங்கள் சமூகத்தில் இது இன்னும் கடினம், கோயில், கல்யாணம் என்று எங்கே போனாலும் “இன்னும் ஓடுகிறாயா?” என்றுதான் கேட்பார்கள்.

சிவசங்கரி 2022இல் கார் விபத்தில் முகத்திலும் கழுத்திலும் எலும்பு முறிந்து கிடந்தார். மறு ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம், 2024இல் லண்டனில் பெரும் போட்டியின் வெற்றி. அதை அவளிடம் சொன்னேன். ஆனால் எல்லாருக்கும் அப்படி நடக்காது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவளுக்கு நடக்கவில்லை, 400 மீட்டர் திரும்பவில்லை. உளவியல் ஆலோசகரை ஆறு மாதம் பார்த்தாள். அந்த ஆறு மாதத்தில் என்ன உதவியது என்று பிறகு கேட்டேன். வீட்டில் தன்னை அக்கா என்று அழைப்பதும், தேவாரம் பாடும் வகுப்புக்குத் திரும்பப் போனதும் என்றாள். ஓட்டம் வருவதற்கு முன்பே அவளுக்கு இருந்த பெயர்கள் அவை.

இப்போது மூன்றாம் ஆண்டு விளையாட்டு அறிவியல் படிக்கிறாள். விடுமுறையில் பட்டர்வொர்த் வரும்போது எங்கள் திடலில் சிறுமிகளுக்குக் குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடியாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கிறாள். தன் கால் தழும்பைக் காட்டி, இங்கே, இப்படி மடிந்தது என்பாள். சிறுமிகள் கிட்ட வந்து குந்தி உட்கார்ந்து பார்க்கிறார்கள்.